கீழே இறங்கும் முன்: திடீர் நோய்க்கும் முன்கூட்டிய ஓய்வுக்கும் நீலகிரிக்காரர்கள் செய்து வைக்க வேண்டியவை

நீலகிரியில் பெரிய வைத்தியம் என்றால் "கீழே கூட்டிட்டுப் போயிடுங்க" என்பார்கள். ஊட்டியிலிருந்து கோவைக்குச் சாதாரண நாளில் மூன்று மணி நேரம். சீசனில் எவ்வளவு ஆகும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. நோயாளி கீழே படுத்திருக்க, பாஸ்புக் மேலே பீரோவில் இருக்கும். ஒரு காகிதத்துக்காக வீட்டில் ஒருவர் மலை ஏறி இறங்கினால் ஒரு நாள் முழுதாகப் போய்விடும். அந்த அலைச்சலைப் பட்டவர்கள் சேர்ந்து எழுதியது இது.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது பயன்படும். எஸ்டேட், டீ பாக்டரி, ஹோட்டல், தனியார் பள்ளி, கடை என்று சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் முழுதாகப் படியுங்கள். சொந்தத் தோட்டத்தில் பச்சைத் தேயிலை பறித்துக் கொடுப்பவர்களுக்கு 2, 3, 4, 7 போதும். இன்சூரன்ஸ் பிரீமியத்தை விட்டுவிட்டால் மொத்தச் செலவு சில ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. நேரம்தான் பிடிக்கும், மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. பெயரும் பிறந்த தேதியும்: முதலில் இதை முடியுங்கள்

ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், பிஎஃப் கணக்கு, ரேஷன் கார்டு ஐந்தையும் மேசையில் வரிசையாக வையுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நம் ஊர்ப் பெயர்களில் சிக்கல் இனிஷியலில்தான். ஆதாரில் "செல்வி முருகன்", பிஎஃப்-இல் "எம் செல்வி", பாஸ்புக்கில் "செல்வி எம்". நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள்.

எஸ்டேட்டில் சிறு வயதிலேயே வேலைக்குப் பேர் போட்டவர்களுக்குப் பிறந்த தேதியிலும் கோளாறு இருக்கும். அந்தக் காலத்தில் ஆபீசில் உத்தேசமாக ஒரு ஜனவரி 1 அல்லது ஜூன் 1 எழுதியிருப்பார்கள். பென்ஷன் எப்போது தொடங்கும் என்பதை அந்தத் தேதிதான் முடிவு செய்யும்.

ஆதாரை முதலில் சரிசெய்யுங்கள், மற்றவற்றை அதற்குப் பொருத்துங்கள். இந்த வரிசை மாறினால் இரட்டை வேலை. ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒருமுறைதான் மாற்ற விடுவார்கள், அதனால் பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ கையில் இல்லாமல் போகாதீர்கள். பிஎஃப் திருத்தத்தை இணையதளத்திலேயே கொடுக்கலாம். பழைய கணக்குகளுக்கு முதலாளியின் ஒப்புதல் தேவைப்படும். வேலையில் இருக்கும்போது அது ஒரு போன் பேச்சில் முடியும். கம்பெனி கைமாறிய பிறகோ மூடிய பிறகோ கேட்டால் ஆள் பிடிக்கவே மாதங்கள் ஆகும்.

அதோடு யூஏஎன்-ஐ (உங்கள் பிஎஃப் எண்) ஆக்டிவேட் செய்து, இ-நாமினேஷன் (இணையத்தில் நாமினி பதிவு) போடுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் பிஎஃப் நாமினியாகப் போட்டிருந்தால், கல்யாணமானதும் அது செல்லாது. புதிதாகப் போட வேண்டும்.

இணையத்தில் நகராத விஷயங்களுக்கு, மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டம்தோறும் பிஎஃப் அலுவலகம் "நிதி ஆப்கே நிகட்" என்ற குறைதீர் முகாம் நடத்துகிறது. 27 விடுமுறையானால் அடுத்த வேலை நாள். அசல் காகிதங்களோடு இரண்டு செட் ஜெராக்ஸ் கொண்டுபோங்கள்.

2. கையெழுத்துப் போட முடியாத நாளுக்கு

நாமினி இருக்கிறார், கவலையில்லை என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நாமினிக்கு உரிமை வருவது கணக்குக்காரர் இறந்த பிறகு. பக்கவாதத்தில் நினைவின்றிக் கிடக்கும்போது நாமினியால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது.

பவர் எழுதிக் கொடுத்தால் போதும் என்பதும் தவறு. எழுதிக் கொடுத்தவர் சுயநினைவை இழந்து முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போனால் சாதாரணப் பவரும் செல்லாமல் போகும். பிறகு பாதுகாவலர் நியமனம் கேட்டு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். சரியாக எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில் அது உதவாது.

செய்ய வேண்டியவை:

சம்பளமோ இலைப் பணமோ வரும் சேமிப்புக் கணக்கில் கணவன் அல்லது மனைவியைச் சேர்த்து, "எய்தர் ஆர் சர்வைவர்" (இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம்) என்று மாற்றுங்கள். பாஸ்புக்கில் அந்த வார்த்தை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். "ஜாயின்ட்லி" என்று இருந்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், பயனில்லை. சம்பளக் கணக்கில் இன்னொருவரைச் சேர்க்க முடியாது என்று வங்கி சொன்னால், தனியாக ஒரு கூட்டுக் கணக்கு தொடங்கி மாதாமாதம் பணம் அதற்குப் போகும்படி செய்யுங்கள்.

ஃபிக்சட் டெபாசிட்டில் இன்னொரு பொறி. "எய்தர் ஆர் சர்வைவர்" என்றே இருந்தாலும், முதிர்வுக்கு முன் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். அதனால் ஒரே பெரிய டெபாசிட்டாகப் போடாமல், மூன்று நான்காகப் பிரித்து, ஒன்றாவது துணைவர் பெயரில் மட்டும் இருக்கட்டும்.

ஆள் நினைவோடு இருக்கிறார், கை மட்டும் வரவில்லை என்றால் வழி உண்டு. இரண்டு சாட்சிகள், அதில் ஒருவர் வங்கி அலுவலர், அவர்கள் முன்னிலையில் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். மேலே ஒரு சின்ன டவுனில் தெரிந்த கிளை என்றால் மேனேஜர் ஆளை அனுப்புவார். கோவை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாரா என்பது வேறு விஷயம்.

போனின் லாக் எண்ணை வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். ஓடிபி எல்லாம் அதில்தான் வரும்.

3. மருத்துவக் காப்பீடு: மூன்று அடுக்கு

*இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு).* மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு, நிறுவனம் இ.எஸ்.ஐ.-க்குள் வந்தால், 0.75 சதவீதம் பிடித்திருப்பார்கள். சம்பளச் சீட்டில் பாருங்கள். பிடித்தம் இருந்தும் கார்டு வாங்காதவர்கள் நிறையப் பேர். எஸ்டேட் தொழிலாளருக்குப் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. இருக்காது, தோட்ட ஆஸ்பத்திரிதான். அங்கிருந்து கீழே ரெஃபர் செய்தால் எந்தச் செலவு வரை கம்பெனி தரும் என்பதை நல்ல நாளிலேயே ஆபீசில் கேட்டு வையுங்கள்.

*முதலமைச்சர் காப்பீடு.* குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. பிரீமியம் கிடையாது. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு ஊட்டி கலெக்டர் அலுவலகப் பதிவு மையத்தில் பதியலாம். சந்தேகத்துக்கு 1800 425 3993. ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு கார்டு எடுக்க ஓடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அப்போது வி.ஏ.ஓ. லீவில் இருப்பார்.

கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கவனிக்க: உங்களுக்கு ஊட்டியைவிட வயநாடு பக்கம். ஆனால் இந்தக் கார்டு எல்லைக்கு அந்தப் பக்கம் எந்த ஆஸ்பத்திரியில் செல்லும், எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதை முன்பே அந்த எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் பாலிசி வைத்திருந்தாலும் இதே கேள்விதான். கேஷ்லெஸ் (கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை) பட்டியலில் நீங்கள் நிஜமாகவே போகக்கூடிய ஆஸ்பத்திரி இருக்கிறதா? சென்னையில் நாற்பது ஆஸ்பத்திரி இருந்து நமக்கு என்ன?

*தனியார் பாலிசி.* மேலே சொன்ன இரண்டும் இல்லாதவர்களுக்கு இது கட்டாயம். தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம். அதிகபட்சம் 36 மாதம்தான் வைக்கலாம். ஐம்பதில் எடுத்தால் ஐம்பத்து மூன்றில்தான் சர்க்கரை தொடர்பான செலவு முழுதாக வரும். நாற்பதிலேயே எடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, அறை வாடகை வரம்பு. 5 லட்சம் பாலிசியில் நாள் வாடகை ஒரு சதவீதம், அதாவது 5,000 என்று வரம்பு. நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுக்கிறீர்கள். கூடுதல் 3,000-ஐ மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் அதே விகிதத்தில் வெட்டப்படும். அந்த வகையில் பில் 2,00,000 என்றால் எட்டில் ஐந்து பங்கு, 1,25,000 மட்டும் வரும். 75,000 உங்கள் தலையில். வரம்பே இல்லாத பாலிசி எடுங்கள், இல்லையென்றால் அட்மிஷன் டெஸ்கில் வரம்பைச் சொல்லி அதற்குள் அறை கேளுங்கள்.

மூன்றாவது, மறைக்காமல் எழுதுவது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதைப் பலர் "நோய்" என்றே எண்ணுவதில்லை. படிவத்தில் "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். கிளெய்ம் வரும்போது டாக்டர் கேட்க, நோயாளி "அஞ்சு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன்" என்று உண்மையைச் சொல்ல, அது கேஸ் ஷீட்டில் ஏறி, கிளெய்ம் நின்றுபோகும். ஏஜென்ட் நிரப்பிய படிவத்தை நீங்கள் ஒருமுறை படியுங்கள். தவறென்றால் பாலிசி வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடும், 436 ரூபாய்க்கு ஆயுள் காப்பீடும் இருக்கின்றன. இரண்டும் 2 லட்சம். ஆயுள் காப்பீட்டில் ஐம்பது வயதுக்குள் சேர வேண்டும். மே கடைசியில் கணக்கில் பணம் இருக்கட்டும்.

4. கீழே இறங்கும் வழி

நெஞ்சுவலி என்றால் நேராகக் கோவைக்குக் கார் பிடிக்காதீர்கள். முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு ஆஸ்பத்திரி. "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்து, பிறகு 108-இல் ஏற்றி அனுப்புவார்கள். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கை கால் இழுத்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

இரண்டு பாதையும் தெரிந்திருக்கட்டும். குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழி. கூடலூரிலிருந்து மைசூர் போகிறவர்கள், பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனத் தடை உண்டு, ஆம்புலன்ஸுக்கு விலக்கு என்பதை நினைவில் வையுங்கள். இரவில் சொந்தக் காரைவிட ஆம்புலன்ஸ்தான் கை கொடுக்கும். சமவெளியிலிருந்து பார்க்க வரும் சொந்தக்காரர்கள் வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிக்குத் தேவையில்லை. கூட இருப்பவருக்குக் கீழே தங்கவும் சாப்பிடவும் ஆகும் செலவு எந்த இன்சூரன்ஸிலும் வராது. இரண்டு வாரத்துக்கு அதைத் தனியாக எடுத்து வையுங்கள். தேயிலைக்காரர்கள் பனி விழும் மாதங்களையும் கணக்கில் எடுங்கள். இலையே இல்லாத ஜனவரியில் நோய் வந்தால் அந்த மாத வருமானம் என்ன?

5. நோய் வந்துவிட்டது: ராஜினாமா எழுதாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

வேலைக்குப் போக முடியவில்லை என்றதும் ஆபீசில் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி "சொந்தக் காரணத்தால் வேலையை விடுகிறேன்" என்று எழுதச் சொல்வார்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் அல்ல, பழக்கம். அந்த ஒரு வரியால் நான்கு விஷயங்கள் பாதிக்கப்படும்.

கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) பொதுவாக ஐந்தாண்டு சேவை வேண்டும். உடல் முடியாமல் போனதால் வேலை நின்றால் அந்த ஐந்தாண்டு நிபந்தனை இல்லை. "சொந்தக் காரணம்" என்று எழுதினால் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

பிஎஃப்-இல் நிரந்தர, முழு ஊனத்துக்கு வயது வரம்பின்றிப் பென்ஷன் உண்டு. ஒரு மாதச் சந்தா இருந்தாலே போதும். ஆனால் ஊனம் வேலையில் இருந்தபோது ஏற்பட்டது என்று இருக்க வேண்டும், மருத்துவக் குழு பார்க்கும்.

ஐந்தாண்டுக்குக் குறைவான சேவையில் பிஎஃப் எடுத்தால் வரிப் பிடித்தம் உண்டு. உடல்நலக் குறைவால் வேலை முடிந்திருந்தால் இல்லை.

ஐந்தாண்டு இ.எஸ்.ஐ.-யில் இருந்தவர், ஓய்வாகவோ விருப்ப ஓய்வாகவோ முன்கூட்டிய ஓய்வாகவோ வெளியே வந்தால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் துணைவருக்கும் தொடர்ந்து வைத்தியம் பெறலாம். வெறும் ராஜினாமா என்றால் இந்தக் கதவு திறப்பது கடினம்.

ஆகவே கடிதத்தில் "மருத்துவக் காரணத்தால், இணைத்துள்ள சான்றின்படி, பணியிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெறுகிறேன்" என்று இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரி நகலை இணையுங்கள். ஒரு பிரதியில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

கடிதம் கொடுக்கும் முன் இருப்பதையெல்லாம் பயன்படுத்துங்கள்: மீதி லீவு, பிறகு இ.எஸ்.ஐ. நோய்ப்படி. ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். புற்றுநோய், பக்கவாதம் போன்ற பட்டியலிட்ட நீண்டகால நோய்களுக்கு, இரண்டாண்டு தொடர் வேலை இருந்தால், 80 சதவீதம் வீதம் இன்னும் நீளும். பிஎஃப்-இல் மருத்துவ முன்பணமும் கேட்கலாம். ஆதார், பான், வங்கி மூன்றும் இணைந்திருந்தால் இணையத்திலேயே வந்துவிடும். 5 லட்சம் வரை தானியங்கிப் பரிசீலனை. இணைந்திருக்காவிட்டால் படி 1-க்குத் திரும்ப வேண்டும், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு.

6. முன்கூட்டி நின்றால் எவ்வளவு வரும்: கணக்குப் போடுங்கள்

கிராஜுவிட்டி: கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 18,000, சேவை 22 ஆண்டு என்றால், 18,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 22-ஆல் பெருக்குங்கள். 2,28,461 ரூபாய். நாள் கூலி என்றால் இன்னும் எளிது: 400 ரூபாய் கூலி, 25 ஆண்டு என்றால் 400 × 15 × 25 = 1,50,000. எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு. தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகம்.

பென்ஷன்: பத்தாண்டு சந்தா இருந்தால் 58-இல் முழுப் பென்ஷன். 50 முடிந்து வேலையை விட்டிருந்தால் முன்பே வாங்கலாம், ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. அந்த வெட்டு ஆயுள் முழுக்க. சராசரிச் சம்பளம் 15,000, சேவை 18 ஆண்டு: 15,000 × 18 ÷ 70 = 3,857. இதையே 52 வயதில் கேட்டால் மூவாயிரத்தை ஒட்டி நிற்கும். வேறு வருமானம் கொஞ்சம் இருந்தால் பொறுத்திருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. மருந்துக்கே வழியில்லை என்றால் தயங்காமல் வாங்கிவிடுங்கள். முழுப் பென்ஷன், முன்கூட்டிய பென்ஷன் இரண்டுக்கும் படிவம் 10டி.

வேலையை விட்ட தேதியை நிறுவனம் பிஎஃப் தளத்தில் பதிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கிளெய்ம் போடுங்கள். பதியாவிட்டால், இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம்.

மொத்தமாகப் பணம் வந்ததும் சொந்தத்தில் யாராவது சீட்டு, நிலம் என்று வருவார்கள். 55 முதல் 60 வயதுக்குள் ஓய்வோ விருப்ப ஓய்வோ பெற்றவர்களுக்கு, பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால், தபால் அலுவலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் திறந்திருக்கிறது. அதிகபட்சம் 30 லட்சம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. 2025-இல் 8.2 சதவீதம். மூன்று மாதம் தவறினால் 60 வரை காத்திருக்க வேண்டும்.

7. வீடும் நிலமும்

லைன் வீட்டில் (தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பு) இருப்பவர்களுக்கு வேலை போகும் நாளும் வீடு போகும் நாளும் ஏறக்குறைய ஒன்று. குவார்ட்டர்ஸைக் காலி செய்தால்தான் கணக்கு முடிப்போம் என்று சொல்லும் இடங்களும் உண்டு. அதனால் வாடகை வீட்டு முன்பணத்துக்குக் கிராஜுவிட்டியை நம்பி இருக்காதீர்கள், தனியாகச் சேர்த்து வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கு அதே தோட்டத்தில் பேர் இருந்தால், வீட்டை அவர் பெயருக்கு மாற்றும் விண்ணப்பத்தை முன்பே கொடுங்கள்.

தோட்டம் இருக்கிறது, அவசரத்துக்கு அடகு வைக்கலாம் என்பவர்கள் பட்டாவை எடுத்துப் பாருங்கள். தாத்தா பெயரோடு பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும் கூட்டுப் பட்டாவை வைத்து எந்த வங்கியும் அவசரக் கடன் தராது. வாரிசுச் சான்று, உட்பிரிவு, சர்வேயர் அளப்பது என்று மாதக்கணக்கில் ஆகும், தென்மேற்குப் பருவமழையில் அளவே நடக்காது. டிசம்பர் முதல் மார்ச் வரை சரியான காலம். கூடலூர்ப் பக்கம் ஜென்ம நிலத்தில் (பழைய ஜமீன் போன்ற உரிமை நிலம்), ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் வரும் இடங்களுக்குப் பட்டாவே இல்லை. அதை அவசரத்துக்கு உதவும் சொத்தாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சி, பயனடையாத ஆட்களாக இருக்கட்டும். ஒருவர் டாக்டர் என்றால் இன்னும் நல்லது.

8. கோப்பு

ஒரே பையில்: ஐந்து அடையாள ஜெராக்ஸ், காப்பீட்டு அட்டைகள், பாலிசியின் முதல் பக்கம், யூஏஎன், பாஸ்புக் முதல் பக்கம், ரத்த வகை, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும், ஒவ்வாத மருந்து. பாலிசி உள்ளவர்கள் பையின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்: அவசர அட்மிஷன் என்றால் 24 மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸுக்குத் தகவல். முன்கூட்டித் திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் 48 மணி நேரம் முன்பு.

பையைக் கதவருகே மாட்டுங்கள், சுவரோரப் பீரோவில் வேண்டாம். ஜூலை ஈரத்தில் பூஞ்சை பிடித்து ரேஷன் கார்டும் பாலிசியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈ.சி.ஜி. தாளும் சில மருந்துக்கடை பில்களும் சூட்டில் அச்சாகும் வகை, ஆறு மாதத்தில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, அசலின் பின்னால் பின் அடித்து வையுங்கள்.